மந்திரம் சொல்லும்போது வெட்டு விழுமா?

கோடரியோடு ஓர்க் என்ற அரக்கன் ஒருவன் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறான். விஸார்டின் (மந்திரவாதியின்) முறை வருகிறது. அங்கேயே நின்று மந்திரம் போடலாமா, பின்வாங்க வேண்டுமா? மேசையில் ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்த நொடி இதுதான். அதனாலேயே எந்த விதிப்புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் இந்த இடத்தைத்தான் தேடிப் படிப்பேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நான் இங்கே எடுத்துக்கொள்ளும் மூன்று பதிப்புகளும் அதன் உறவுக்கார விளையாட்டான பாத்ஃபைண்டரும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்கின்றன.

1989இல் வந்த அட்வான்ஸ்ட் இரண்டாம் பதிப்பில் ஆபத்து நேரத்தில் இருக்கிறது. எல்லோரும் முதலில் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும், பிறகுதான் பத்துமுகப் பகடை. குறைந்த எண் முந்தும். பலர் சேர்த்துக்கொள்ளும் விருப்ப விதிப்படி மந்திரத்தின் நேரமும் ஆயுதத்தின் வேகமும் அதோடு கூடும். ஃபயர்பால் என்ற தீக்கோள மந்திரத்துக்கு 3, மேஜிக் மிசைல் என்ற சின்ன மந்திரத்துக்கு 1, நீண்ட வாளுக்கு 5. விஸார்டுக்கு 4 விழுந்து ஃபயர்பால் என்றால் 7. வாள்காரனுக்கு 1 விழுந்தால் 6. அவன் வெட்டு முதலில் பட்டால் ஃபயர்பால் போச்சு, நினைவிலிருந்தும் அழிந்துவிடும். தூரத்திலிருந்து வரும் அம்புக்கும் இதே பலன். சின்ன மந்திரத்துக்கு இங்கே கிடைக்கும் மதிப்பு வேறெங்கும் இல்லை. ஆனால் சொன்ன பிறகு மாற்ற முடியாது, மிச்சத்தைப் பகடைதான் முடிவு செய்கிறது.

2003இன் 3.5 பதிப்பு ஆபத்தை இடத்துக்குக் கொண்டுவந்தது. எதிரியின் வீச்சுக்குள் நின்று மந்திரம் போட்டால் அவனுக்கு இலவசமாக ஒரு வெட்டு. பட்டால், 10 + பட்ட சேதம் + மந்திரத்தின் லெவல் என்ற இலக்கை இருபதுமுகப் பகடையோடு கான்சன்ட்ரேஷன் (மனக்குவிப்பு) திறனைக் கூட்டி எட்ட வேண்டும். முதல் லெவல் மந்திரத்துக்கு நடுவில் 8 புள்ளி சேதம் விழுந்தால் இலக்கு 19. முதல் லெவல் விஸார்டுக்கு +5 இருந்தால் பகடையில் 14 விழ வேண்டும்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, ஐந்தடி நகர்ந்துவிட்டு மந்திரம் போடுவது. சாதாரண வாளுக்கு இது போதும், பத்தடி வீச்சுள்ள ஓகர் என்ற பெரிய அரக்கனுக்குப் போதாது. இன்னொன்று, தற்காத்தபடி மந்திரம் போடுவது. அதற்கு இலக்கு 15 + மந்திர லெவல், தவறினால் மந்திரம் வீண். ஆரம்பத்தில் இது அருமையான சூதாட்டம். மேலே சொன்ன +5 விஸார்டுக்குச் சரிபாதி வாய்ப்பு. ஆனால் பத்தாம் லெவலில் கணக்கைப் பாருங்கள்: திறன் 13, உடல் வலு 2, காம்பாட் காஸ்டிங் என்ற சிறப்புத் திறமை 4, மொத்தம் 19. ஐந்தாம் லெவல் மந்திரத்துக்கு இலக்கு 20. பகடையில் 1 விழுந்தாலும் வெற்றி! பக்கத்தில் உயிரைக் கொடுத்து வந்து நிற்கும் வாள்வீரனுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. 3.5ஐ இவ்வளவு நேசிக்கும் எனக்கு அதில் ஆறாத மனக்குறை இதுதான்.

2009இல் முதல் பாத்ஃபைண்டர் இந்த ஓட்டையைப் பார்த்தது. இலக்கை 15 + மந்திர லெவலின் இருமடங்கு என்று உயர்த்தியது. பத்தாம் லெவலில், அறிவு +6 உள்ள விஸார்ட் (லெவலும் அறிவும் சேர்ந்து 16) ஐந்தாம் லெவல் மந்திரத்தைத் தற்காத்துப் போட (இலக்கு 25) 9 விழ வேண்டும், அதாவது 40 சதவீதம் தோல்வி. நல்ல திருத்தம்.

2014இன் ஐந்தாம் பதிப்பில் மந்திரம் போடுவதற்காக மட்டும் சாதாரணமாக யாரும் வெட்ட முடியாது. வீச்சைவிட்டு விலகிப் போனால்தான் அந்த இலவச வெட்டு. இதை வைத்து "விஸார்டுக்கு ஆபத்தே இல்லை" என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஆபத்து, மந்திரம் போட்ட பிறகுள்ள நேரத்துக்கு நகர்ந்துவிட்டது. நண்பனை வேகமாக்கும் ஹேஸ்ட் போன்ற மந்திரத்தைக் கான்சன்ட்ரேஷனால் பிடித்துவைத்திருக்கும்போது அடிபட்டால் 10 அல்லது சேதத்தில் பாதி, எது அதிகமோ அதை எட்ட வேண்டும். +2 உள்ள விஸார்டுக்கு சாதாரண அடியில் 35 சதவீதம் தோல்வி. மூன்று அம்பு தைத்தால் மூன்று தனிச் சோதனை, தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு சுமார் 27 சதவீதம்தான். ஹேஸ்ட் அறுந்தால் அதைப் பெற்றிருந்த நண்பன் தன் அடுத்த முறை முடியும்வரை நகரவோ தாக்கவோ முடியாமல் நிற்பான். அது வலிக்கும்.

ஆனாலும் ஃபயர்பாலுக்குக் கான்சன்ட்ரேஷன் தேவையில்லை. பக்கத்தில் எதிரி நின்றால் ஃபயர் போல்ட் மாதிரி குறிபார்த்து எறியும் மந்திரத்துக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), அவ்வளவுதான். மேஜ் ஸ்லேயர் என்ற சிறப்புத் திறமையை எடுத்தவன் வெட்டலாம், அந்த வெட்டும் மந்திரம் முடிந்த பிறகே வரும். ஓர்க்கின் கோடரி இங்கே பயமுறுத்துவதில்லை.

2019இன் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பைத்தான் நான் மனதாரத் தேர்ந்தெடுப்பேன். கையசைத்துப் போடும் மந்திரத்துக்கு அடி விழலாம், ஆனால் அடிக்கும் உரிமை எல்லோருக்கும் இல்லை. ஃபைட்டர் என்ற போர்வீரர் வகுப்புக்கு முதல் லெவலிலேயே உண்டு, வேறு சில வகுப்பினர் பிறகு எடுக்கலாம், அரக்கர்களிலும் சிலருக்குத்தான். 2023 திருத்தத்தில் இதன் பெயர் ரியாக்டிவ் ஸ்ட்ரைக். சாதாரண அடி மந்திரத்தைக் கெடுக்காது, கிரிட்டிகல் கெடுக்கும். கவச எண்ணைவிட 10 அதிகம் விழுந்தாலே கிரிட்டிகல் என்பதால், மெல்லிய அங்கி போட்ட விஸார்டுக்கு அது எட்டாத தூரமில்லை.

இதன் அழகு மூன்று செயல் கணக்கில் இருக்கிறது. ஒரு முறைக்கு மூன்று செயல், பெரும்பாலான மந்திரத்துக்கு இரண்டு. மிச்சமுள்ள ஒன்றில் ஐந்தடி பின்னால் எடுத்துவைத்தால் எதிரியின் அந்த அடி தூண்டப்படாது. அல்லது அதே செயலைச் செலவழித்து, இந்த அரக்கனுக்கு அந்தத் திறமை உண்டா என்று நினைவுகூர முயலலாம். இரண்டையும் செய்துவிட்டு மந்திரமும் போட முடியாது. ஒன்றும் தெரியாமல் அங்கேயே நின்று போடுவதும் ஒரு வழிதான், பல நேரம் அடியே விழாது. எதிரி நீண்ட ஈட்டி வைத்திருந்தால் ஐந்தடி பின்வாங்கியும் பயனில்லை. எந்த லெவலிலும் இந்தத் தவிப்பு கரைந்து போவதில்லை.

முதல்முறை ஆட வருபவர்களுக்கு ஐந்தாம் பதிப்பையே சொல்வேன், நினைவில் வைக்க வேண்டியது குறைவு. அப்படி நடத்தும்போது எதிரணியில் இரண்டு வில்லாளிகளையாவது விஸார்டைக் குறிவைத்து நிறுத்துங்கள். வாள்வீரன் அவரை மறைத்து நிற்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.