எடை மெஷினும் ஆப்பும்: நான்கு வருட அனுபவம், நடுவில் அம்மாவின் மறைவு

இந்த எடை மெஷினை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஏறி நின்றால் எடையைக் காட்டி, புளூடூத் வழியாக போனில் உள்ள ஆப்புக்கு அனுப்பிவிடும் ரகம். முதல் வருடத்திலேயே எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். இன்று மெஷினுக்குத் தனியாக, ஆப்புக்குத் தனியாகத்தான் மார்க் போட முடியும்.

மெஷினைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். நான்கு மூலையிலும் ஒவ்வொரு சென்சார் இருக்கிறது. தரை சமமாக இல்லாவிட்டால் அளவு மாறும். கார்ப்பெட் மேல் வைக்கவே கூடாது. ஒரே இடத்தில் வைத்து நகர்த்தாமல் விட்டால் நம்பலாம். ஐந்து கிலோ டம்பெல்லைக் கையில் பிடித்தும் பிடிக்காமலும் ஏறிப் பார்த்தேன், வித்தியாசம் சரியாக 5.0 காட்டியது. பேட்டரி வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். உடல் கொழுப்பு சதவீதத்தை மட்டும் நான் கணக்கில் எடுப்பதில்லை. உள்ளங்கால் வழியாக மெல்லிய மின்சாரம் அனுப்பி அதை வைத்துக் கணிக்கும் முறை அது. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறிவிடும். காலையில் 39 காட்டிய அதே மெஷின் அன்று சாயங்காலம் 36 காட்டியிருக்கிறது.

91.4 கிலோவில் தொடங்கினேன். 14 மாதத்தில் 79.2. அப்போது ஆப் எனக்கு உண்மையிலேயே துணையாக இருந்தது. ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் முன்பெல்லாம் மனசு உடைந்துபோகும். உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், அது கொழுப்பு அல்ல என்று ஏழு நாள் சராசரிக் கோடுதான் எனக்குப் புரியவைத்தது. இந்த ஒரு வசதிக்காகவே மெஷினைப் பலருக்கும் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அம்மா என்னோடு தங்க வந்தார். ஆப்பில் அவரை 'பயனர் 2' என்று சேர்த்தேன். அவருக்கு பேஸ்மேக்கர் இருந்தது. அது வைத்தவர்கள் கொழுப்பு அளக்கும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. அதை அணைத்துவிட்டு எடை மட்டும் பார்த்தோம். பேலன்ஸுக்காக ஒரு விரலைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்பார். விரல் பட்டாலே எடை குறைவாகக் காட்டும். "விரலை எடும்மா" என்பேன். ஒரு நொடி எடுப்பார், எண் நிலைத்ததும் மறுபடி வைத்துக்கொள்வார்.

58.3-இல் தொடங்கிய அந்தக் கோடு இறங்க ஆரம்பித்தது. முதல் இரண்டு மாதத்தில் 3.4 கிலோ. ஆப் அதைப் பச்சை அம்புக்குறியோடு காட்டி, "அருமை! இதே வேகத்தில் தொடருங்கள்" என்று வாழ்த்தியது. அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இறங்குதே" என்றார். "எனக்கு இறங்கணும்மா, உனக்கு ஏறணும்" என்றேன்.

முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு முதல் 12 மாதத்துக்குள் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அது மூன்று கிலோகூட இல்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அந்தக் கோட்டைக் காட்டித்தான் சோதனைகளைத் தொடங்க வைத்தேன். நோய் பிடிபட்டது, ஆனால் முற்றிய நிலையில். சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாத நாள் வந்தபோது எடை பார்ப்பதை நிறுத்தினோம். கடைசி எண் 46.1. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் எடை குறைக்க என்று இல்லாவிட்டாலும் ஒரு மெஷின் வாங்கி வையுங்கள். வாரம் ஒரு தடவை ஏறச் சொல்லுங்கள். இதை மனதார எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு ஐந்து மாதம் நான் மெஷினைத் தொடவில்லை. ஆனால் ஆப் விடவில்லை. "மூன்று வாரமாக எடை பார்க்கவில்லை, இலக்கை மறந்துவிட்டீர்களா?" என்று எனக்கு ஒன்று வரும். பயனர் 2-க்கும் அதே செய்தி வரும். கம்பெனிக்கு எழுதினேன். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொல்லி ஒரு தானியங்கிப் பதில் வந்தது. இடைவெளி எடுத்துக்கொள்ள ஒரு பட்டன், ஒருவருடைய பதிவுகளை அழிக்காமல் மூடிவைக்க ஒரு வழி, இந்த இரண்டும் ஆப்பில் இல்லை. நோயும் சாவும் வராத வீடு கிடையாது. வீட்டில் எல்லோரும் பயன்படுத்துகிற பொருளில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரு நாள் ஏறினேன். 88.6. அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் 82 வரை போயிருந்தது எனக்குத் தெரியும். மீதி இந்த ஐந்து மாதத்தில் வந்தது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. அந்தக் கணக்கில் 6.6 கிலோவை 150 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 340 கலோரிகூட இல்லை. எங்கே சாப்பிட்டேன் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க எழுந்து பழகிய உடம்பு, அவர் போன பிறகும் அதே நேரத்துக்கு எழுந்துகொண்டது. எழுந்தால் கால் தானாகச் சமையலறைக்குப் போகும். கொடுக்க மாத்திரை இல்லை. பிரிட்ஜைத் திறந்து, அந்த வெளிச்சத்திலேயே நின்று, கைக்கு அகப்பட்டதைச் சாப்பிட்டுவிட்டு வந்து படுப்பேன். பசியே இருக்காது.

பழைய இலக்கான 72-ஐ வைத்து அடுத்த நாளே பட்டினி கிடக்கத்தான் நினைத்தேன். தங்கைதான், "அக்கா, மொதல்ல டாக்டரைப் பார், அப்புறம் டயட் இரு" என்று பிடிவாதமாக அழைத்துப் போனாள். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றும் பார்த்துவிட்டு, எடையைக் குறைப்பது பிறகு, முதலில் தூக்கம் என்றார் அந்த டாக்டர். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும் என்று விளக்கினார். இழப்பின் துக்கம் ஆறு மாதம் தாண்டியும் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போட்டால் தனியாகச் சிகிச்சை தேவை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலேயே அது ஒரு நோயாக இருக்கிறது, வெட்கப்படாமல் வாருங்கள் என்றும் சொன்னார். எனக்கு அந்த நிலை வரவில்லை. ஆனாலும் அவர் அதைச் சொன்னதே பெரிய ஆறுதலாக இருந்தது.

முதல் எட்டு வாரம் எடையைக் குறைக்க முயற்சியே செய்யவில்லை. ஏறாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்தேன், பகல் தூக்கத்தை விட்டேன், சாப்பாட்டை மூன்று வேளைக்குக் கொண்டுவந்தேன், 20 நிமிடம் நடந்தேன். எடை வாரம் ஒரு நாள் மட்டும். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் சமையலறைக்குப் போகாமல் அம்மா உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சில ராத்திரி அழுதேன். அழுதுவிட்டு வந்து படுத்தால் தூக்கம் வந்தது. நான்காவது மாதம் வாக்கில் அந்த விழிப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது.

அந்த எட்டு வாரத்திலேயே 2.2 கிலோ இறங்கியது. பெரும்பகுதி தண்ணீர் என்று தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகுதான் ஒரு நாளைக்கு 300 கலோரி குறைத்தேன். முதல் தடவை 700 வரை குறைத்திருந்தேன், இப்போது அதற்கான தெம்பு இல்லை. புரதத்தைக் கூட்டினேன், வாரம் இரண்டு நாள் டம்பெல் தூக்கினேன். நடையை மெல்ல வாரத்துக்கு 150 நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். ஆப்பில் 72 என்ற இலக்கை அழித்துவிட்டு 84 என்று வைத்தேன். தொடக்க எடையையும் 91.4-இலிருந்து 88.6-க்கு மாற்றினேன். எனக்கு அதிகம் உதவியது இதுதான். பழைய கணக்கோடு பார்த்தால் ஒவ்வொரு நாளும் இழந்ததுதான் கண்ணில் படும். புதிய கணக்கில் அந்த வாரத்தில் செய்தது தெரிந்தது.

அம்மாவின் நினைவு நாள் வந்த மாதத்தில் 1.3 கிலோ ஏறியது. அந்த மாதம் அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்ததால் விட்டு ஓடவில்லை. அடுத்த மாதம் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினேன்.

முதல் தடவை 14 மாதத்தில் 12.2 கிலோ. இந்தத் தடவை 18 மாதத்தில் 7.3 கிலோ, இன்று காலை 81.3. வேகம் பாதிதான், ஆனால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. உடல் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே இப்படிப் பலன் தெரியும் என்று டாக்டர் சொன்னதை இப்போது உடம்பில் உணர்கிறேன்.

மெஷினுக்கு ஐந்துக்கு நாலரை. ஆப்புக்கு இரண்டு, அதுவும் அந்த ஏழு நாள் சராசரிக்காக. வாங்குகிறவர்கள் முதல் நாளே செட்டிங்ஸில் போய் நினைவூட்டல்கள், வாழ்த்துச் செய்திகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது எடை ஏறவேண்டும் என்றால் அவருடைய இலக்கை 'கூட்டுதல்' என்று மாற்றிவையுங்கள். அந்த வசதி மூன்று பக்கம் உள்ளே ஒளிந்திருக்கிறது. எனக்கு அது தெரியவந்தபோது அம்மா இல்லை.

பயனர் 2-ஐ நான் நீக்கவில்லை. பழைய எண்களை ஒருமுறை நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். மொத்தம் 31 பதிவுகள். ஒன்பதாவது மட்டும் இரண்டு கிலோ குறைவாக இருக்கிறது. அன்று விரலை எடுக்கச் சொல்ல மறந்திருப்பேன்.