இஆர்பி மென்பொருளுக்கு ஃப்ளட்டரில் ஆப்: நான்கு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒரே கோடில் பல வகைச் சாதனங்களுக்கு ஆப் எழுத உதவும் கூகுளின் கருவி ஃப்ளட்டர். அதன் இரண்டாம் பதிப்பு வெளியானது 2021 மார்ச்சில். அதே வருடக் கடைசியில், எங்கள் வாடிக்கையாளர்கள் விற்பனை, சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கப் பயன்படுத்தும் இஆர்பி மென்பொருளுக்கு மொபைல் ஆப் எழுத உட்கார்ந்தோம். மூன்று பேர் கொண்ட சின்னக் குழு. விற்பனைப் பிரதிநிதிகள் போனில் ஆர்டர் போட வேண்டும், கிடங்கில் இருப்பவர்கள் டேப்லெட்டில் சரக்கு எண்ண வேண்டும், மேலாளர் ஐபேடில் ஒப்புதல் தர வேண்டும். அன்று தொடங்கிய ஆப்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ரியாக்ட் நேட்டிவும் இதே வேலைக்கான இன்னொரு கருவிதான். எதில் எழுதினாலும் ஆப் வந்துவிடும். ஃப்ளட்டரில் ஒரே கோட் ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் ஒன்றுபோலத் தெரிகிறது. திரையைத் திருத்தியதும் ஹாட் ரீலோடில் உடனே பார்த்துவிடலாம். இன்னொரு ஆப் எழுதச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன். ஆனால் எங்கள் ஆப் பிழைத்ததற்குக் காரணம் அது இல்லை. டேட்டா முதலில் எங்கே எழுதப்படுகிறது என்ற கேள்விக்கு நாங்கள் தாமதமாகக் கண்டுபிடித்த பதில்தான்.

முதல் பதிப்பில் ஒவ்வொரு 'சேமி' பொத்தானும் நேரே சர்வருக்குப் போனது. அலுவலகத்தில் பிரமாதமாக வேலை செய்தது. கிடங்கில் கடைசி வரிசை இரும்பு ரேக்குகளுக்கு நடுவே சிக்னல் சுத்தமாகக் கிடையாது. கிடங்குப் பொறுப்பாளர் அம்மா ஒருவர் காலை முழுக்க எண்ணிச் சேமித்தபோது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆப்பை மூடித் திறந்தார், எல்லாம் போய்விட்டது. மறுவாரம் நேரில் போனேன். டேப்லெட்டின் மேல் ஒரு நோட்டை வைத்துப் பேனாவில் எழுதிக்கொண்டிருந்தார். "ஆப்லயும் போடறேன், நோட்டுலயும் எழுதிக்கிறேன் தம்பி. நோட்டு நெட் கேக்காது" என்றார்.

அந்த நோட்டைத்தான் நாங்கள் ஆப்புக்குள் கட்ட வேண்டியிருந்தது. திரும்பி வந்து பாதிக்கு மேல் அழித்து எழுதினோம். இப்போது எந்தப் பதிவும் முதலில் போனுக்குள்ளேயே இருக்கும் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் விழும். கூடவே 'அனுப்ப வேண்டியவை' என்ற டேபிளில் ஒரு வரி சேரும். நெட் கிடைக்கும்போது அந்த வரிசை ஒவ்வொன்றாகச் சர்வருக்குப் போகும். பயனர் எதற்கும் காத்திருப்பதில்லை. அந்த அம்மா நோட்டை விட்டது இதற்கும் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான். இழந்த நம்பிக்கை திரும்புவதற்கு அவ்வளவு நாள் ஆகிறது.

வரிசை வந்ததும் அடுத்த சிக்கல்: ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவானது. சர்வர் ஆர்டரை வாங்கிக்கொண்டது, அதன் பதில் வழியில் தொலைந்தது. போகவில்லை என்று நினைத்து போன் மறுபடி அனுப்பியது. சரக்கு இரட்டிப்பாகக் கிளம்பி, வாடிக்கையாளர் போன் செய்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு யூயுஐடி (வேறெந்தப் பதிவுக்கும் வராத தனி அடையாள எண்) உருவாக்கிவிடுகிறோம். அதே எண் ஏற்கெனவே வந்திருந்தால் சர்வர் புதிதாக எதையும் எழுதாமல் பழைய பதிலையே திருப்பித் தரும். ஆஃப்லைன் ஆப் எழுதுபவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரிய அவஸ்தை.

ஸ்டாக் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சர்வரில் இருப்பு 40 என்று வையுங்கள். நெட் இல்லாமல் ஒருவர் 5 எடுக்கிறார், இன்னொருவர் 3 எடுக்கிறார். போன்கள் மீதி இருப்பை அனுப்பினால் ஒன்று 35 என்னும், மற்றது 37 என்னும். கடைசியில் வந்தது ஜெயிக்கும். உண்மையில் ரேக்கில் இருப்பது 32. அதனால் இருப்பை அனுப்பவே கூடாது. '5 எடுத்தேன்', '3 எடுத்தேன்' என்ற அசைவுகளை மட்டும் அனுப்ப வேண்டும், கூட்டிக் கழிப்பது சர்வரின் வேலை. கைப்பட எண்ணும் ஸ்டாக் சரிபார்ப்புக்கு இந்த வழி ஒத்துவராது, அங்கே எண்ணிக்கைதான் தகவல். அதற்கு நாங்கள் எழுதிய கோட் எதுவும் முழுத் திருப்தி தரவில்லை. எண்ணி முடிக்கும்வரை அந்த ரேக்கிலிருந்து யாரும் சரக்கு எடுக்கக் கூடாது என்று கிடங்கில் ஒரு விதி போட்டோம். அது வேலை செய்கிறது.

சின்னதாகத் தெரிந்து நாள்கணக்கில் படுத்தியது நேரம். எங்கள் சர்வர் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைத்து, எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு இல்லாமல் வெறும் எழுத்தாக அனுப்பும். குறிப்பு இல்லாத நேரத்தை, ஃப்ளட்டரில் கோட் எழுதும் டார்ட் மொழி போனின் உள்ளூர் நேரமாகவே எடுத்துக்கொள்ளும். ஆக, ஆர்டர்கள் பக்கத்துத் தேதிக்குத் தாவி, தினசரி விற்பனைக் கணக்கு இடித்தது. மூன்று நாள் தேடிய பிறகு, வரும் எழுத்தின் கடைசியில் 'இசட்' என்ற ஒற்றை எழுத்தை (இது யூடிசி நேரம் என்பதற்கான குறி) ஒட்டியதும் சரியாகிவிட்டது. பணத்தை டபுள் என்ற தசம எண் வகையில் வைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வரும். மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாக வையுங்கள்.

பின்னணியில் தானாக சிங்க் ஆகிவிடும் (பதிவுகள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்) என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். பின்னணி வேலைகளை ஓட்டும் ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜரில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளியே 15 நிமிடம். பேட்டரிச் சேமிப்பு அதையும் தள்ளிப்போடலாம். ஐபேடில் எப்போது ஓட வேண்டும் என்பதை ஐபேடே முடிவு செய்யும். நாங்கள் திரையின் மேல் மூலையில் 'அனுப்பாதவை: 3' என்று ஒரு எண்ணை வைத்தோம். நான்கு வருடத்தில் நாங்கள் செய்தவற்றில் மிகச் சின்ன வேலை, மிக அதிகம் பாராட்டப்பட்டதும் அதுதான். அது பூஜ்யம் ஆன பிறகே பலர் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

டேப்லெட்டைப் பெரிய போன் என்று நினைத்தது எங்கள் தவறு. அகலம் 600 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவைக் குறிக்கும் அலகு) தாண்டினால் இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் விவரம் என்று மாற்றினோம், அது எளிது. கிடங்கில் டேப்லெட்டை ஒரு கையால் தாங்கி, மறுகையில் ஸ்கேனரைப் பிடிப்பார்கள் என்பதை நேரில் பார்க்கும்வரை நாங்கள் யோசிக்கவே இல்லை. தொட முடிந்தது தாங்கும் கையின் கட்டைவிரலால் மட்டும், அதுவும் ஓரங்களில். ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் 48 டிபி பொத்தான் கையுறைக்குப் போதவில்லை. 64 ஆக்கி ஓரத்துக்கு நகர்த்தினோம்.

ஸ்கேனர் இன்னொரு கதை. பெரும்பாலான புளூடூத் ஸ்கேனர்கள் கீபோர்டு போலவே நடந்துகொள்ளும்: கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே எண்ணைத் தட்டி, எண்டர் அடித்துவிடும். ஒரு நாள் கர்சர் 'அளவு' கட்டத்தில் நின்றிருக்கிறது. பொருளின் 13 இலக்க பார்கோடு அப்படியே அளவாகப் பதிவாகி, லட்சம் கோடிக் கணக்கில் சரக்கு இருப்பதாக அறிக்கை வந்தது. இப்போது அளவுக் கட்டத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதோடு, கண் இமைக்கும் நேரத்தில் தொடர்ந்து விழும் எழுத்துகளை ஸ்கேன் என்று கணித்து, கர்சர் எங்கிருந்தாலும் சரியான இடத்துக்கு அனுப்புகிறோம்.

பராமரிப்புச் செலவையும் கணக்கில் வையுங்கள். 2023 மே மாதம் வந்த டார்ட் 3, நல் சேஃப்டியை (மதிப்பே இல்லாத மாறிகளால் வரும் பிழைகளைத் தடுக்கும் விதியை) கட்டாயமாக்கியது. அதற்கு மாறாமல் கிடந்த ஒரு பிரிண்டர் பேக்கேஜை (ஆயத்தக் கோட் தொகுப்பை) நாங்களே திரும்ப எழுதினோம். கூகுள் பிளே வருடாவருடம் டார்கெட் ஏபிஐயை, அதாவது ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காக எழுதப்பட்டது என்ற எண்ணை, உயர்த்தச் சொல்லும். அப்டேட் வெளியிட்டாலும் எல்லோரும் உடனே போட மாட்டார்கள், ஆகவே சர்வர் பழைய பதிப்புகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் டிராயரில் கிடந்த ஒரு டேப்லெட்டைத் திறந்தபோது அதன் வரிசையில் 11 பதிவுகள் காத்திருந்தன. புதிய பதிப்பின் டேட்டாபேஸ் மாற்றம் அவற்றை அழித்துவிடாமல் சர்வருக்குச் சேர்த்தது. அன்று எங்கள் மூவருக்கும் இருந்த சந்தோஷம் ஆப்பை முதன்முதலில் வெளியிட்ட அன்றுகூட இல்லை.

இப்போது மேலாளர்களின் ஒப்புதல் திரையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். டெஸ்க்டாப் படிவத்தின் நாற்பது கட்டங்களும் அதில் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவர்கள் பார்ப்பதோ பெயர், தொகை, காரணம் மூன்றையும்தான்.