ஆட்டுப்பட்டிக்கு சோலார் மின்வேலி: பெட்டி சரி, எர்த்துதான் கோளாறு

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டிக்குள் நாய் புகுந்து ஆடு சாவது ஓயவில்லை. கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை)ச் சுற்றிய கிளுவை முள்வேலி மேய்ச்சலுக்குப் போதும், ராத்திரிக்குப் போதாது. நரி வந்தால் குட்டியோ கோழியோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். நாய்க்கூட்டம் வந்தால் தொடையிலும் கழுத்திலும் குதறி, தின்னாமலே பல ஆடுகளைப் போட்டுவிட்டுப் போகும். இரண்டையும் தடுக்க, கடைகளில் ‘ஒரு ஏக்கர் செட்’ என்று விற்கும் 12 வோல்ட் சோலார் மின்வேலி உதவுமா? உதவும். ஆனால் செட்டில் வந்தபடியே மாட்டினால் உதவாது.

முதலில் பெட்டி, அதாவது கம்பிக்குத் துடிப்புத் துடிப்பாகக் கரண்ட் அனுப்பும் எனர்ஜைசர். ஐ.எஸ். 302-2-76 என்ற தர எண் அதில் இருக்க வேண்டும். அந்தத் தரப்படி துடிப்புக்குத் துடிப்பு ஒரு நொடியாவது இடைவெளி இருக்கும், ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டாது. ஷாக் சுரீரென்று அடித்தாலும் உயிர் போகாததற்கு இந்த வரம்புதான் காரணம். எண் இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம். ஈ.பி. லைனை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம்.

கோளாறு எர்த்தில். செட்டோடு வருவது பெரும்பாலும் ஒரு மீட்டர் நீள எர்த் ராடு ஒன்றே ஒன்று. நம் செம்மண்ணும் சரளையும் மாசி பிறந்தாலே காய்ந்துவிடும். கம்பியைத் தொட்ட விலங்கின் வழியாக மண்ணில் இறங்கும் கரண்ட் ராடு வழியே பெட்டிக்குத் திரும்பினால்தான் ஷாக் அடிக்கும். மண் காய்ந்தால் இந்தச் சுற்று முழுமையாகாது. பெட்டி ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும், நாய் கம்பியை உரசிக்கொண்டு நுழைந்துவிடும். 2 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு மூன்றை 3 மீட்டர் இடைவெளியில் அடித்து ஒன்றோடொன்று இணையுங்கள். வீட்டு எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி ஓரம் அடித்தால் ஈரம் நிற்கும்.

சோதிக்க வழி உண்டு. வேலியின் கடைக்கோடியில் இரும்புக் கம்பிகளை மண்ணில் குத்திக் கரண்ட் கம்பியில் சாய்த்து, வோல்டேஜை 2,000-க்குக் கீழே இறக்குங்கள். பிறகு மின்வேலி வோல்ட்மீட்டரின் ஒரு முனையை எர்த் ராடிலும், மறுமுனையை ஒரு மீட்டர் தள்ளி மண்ணிலும் வையுங்கள். 300 வோல்டுக்கு மேல் காட்டினால் இன்னொரு ராடு வேண்டும்.

கம்பி ஐந்து வரிசை: தரையிலிருந்து 15, 30, 50, 75, 105 செ.மீ. ஒன்று, மூன்று, ஐந்தில் கரண்ட். இரண்டையும் நான்கையும் எர்த் ராடோடு இணையுங்கள். ரோமம் ஷாக்கைத் தடுத்துவிடும், மூக்குதான் மாட்ட வேண்டும். கம்பிக்கிடையே தலையை விடும் நாய்க்கு இரண்டு கம்பியும் ஒருசேரப் படும். மண் காய்ந்திருந்தாலும் அடி விழும். 20-க்கு 20 மீட்டர் பட்டிக்கு 400 மீட்டர் கம்பி ஆகும். 2.5 மி.மீ. ஜி.ஐ. என்றால் சுமார் 15½ கிலோ. படலுக்கு வெளியே ஓரடி தள்ளிக் கட்டுங்கள், ஆடு உரசாது. அடிக்கம்பியில் புல் பட்டால் கரண்ட் கசியும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை செதுக்கியே ஆக வேண்டும்.

செட்டில் வரும் வெளிர்நிற இன்சுலேட்டர்கள் மட்டமானவையாக இருந்தால் ஒரு கோடை வெயிலிலேயே வெடித்துவிடும். வெயில் தாங்கும் கறுப்பு ரகத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இடிதாங்கி அரெஸ்டரும் தனியாகத்தான் வாங்க வேண்டும். இடி விழுந்து பெட்டி எரிந்தால் வாரண்டியில் வருமா என்பதைக் கடையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கீரி, காட்டுப்பூனை, உடும்பு, பாம்பு எதையும் இந்த வேலி நிறுத்தாது. கோழிக்கூண்டுக்கு அரையங்குல வெல்ட் மெஷ் கட்டி, அடியில் ஓரடி வெளிப்பக்கம் மடக்கிப் புதைப்பதுதான் வழி.

சுருக்கு, விஷம், அவுட்டுக்காய் (வெடி வைத்த இரை) பக்கம் போகவே கூடாது. 2022 திருத்தத்துக்குப் பின் நரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. காப்புக்காட்டை ஒட்டிய நிலமென்றால், தமிழ்நாட்டின் 2023 மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் கேட்டுப் பதிந்த பிறகே வேலி போடுங்கள்.

வேலி பலமிழந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய ஏ.எம். ரேடியோ போதும். எந்த நிலையமும் எடுக்காத அலைவரிசையில் முள்ளை வைத்து, இருட்டியதும் கம்பியோரமாக நடந்தால் கசிவுள்ள இடத்தில் ‘டப் டப்’ என்று உரக்கக் கேட்கும். பக்கத்தில் போனால் நீலப்பொறி கண்ணுக்கே தெரியும்.