காகிதக் கூழ் காளையா, அட்டைக் காளையா?

தை பிறந்தால் வேலூர்ப் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா தொடங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு வரும் நாலைந்து வயதுப் பிள்ளை, தனக்கும் ஒரு காளை செய்து தரச் சொல்லிக் கேட்கும். கழித்த பொருளைக் கொண்டு அதைச் செய்ய இரண்டு வழி உண்டு. பழைய பேப்பரை ஊறவைத்து, கூழாக்கிப் பிடிக்கலாம். இல்லையென்றால் அட்டைப் பெட்டியை வெட்டி நிறுத்தி, மேலே துணி, நார், தீப்பெட்டி என்று ஒட்டலாம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. அழகு அவரவர் கைவாகு. எங்கள் ஓட்டு அட்டைக்குத்தான், காரணம் ஈரம்.

முறத்துக்குக் காகிதமும் வெந்தயமும் அரைத்து மெழுகிய வீடுகளுக்குக் கூழ் புதிதல்ல. பேப்பரை விரல்நுனி அளவுக்குக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, அரைத்து, பிழிந்துகொள்ள வேண்டும். ஒரு கிண்ணம் கூழுக்குக் கால் கிண்ணம் மைதாப் பசை சேர்த்தால் சப்பாத்தி மாவுப் பதம் வரும். பிள்ளைகளுக்குப் பிசைவதில் கொள்ளை ஆசை. அந்த இன்பம் அட்டையில் கிடைக்காது.

ஆனால் காய வேண்டுமே! சித்திரை வெயிலில் அரை சென்டிமீட்டர் கனம் இரண்டு நாளில் காய்ந்துவிடும். பொங்கலுக்குக் காளை வேண்டுமென்றால் செய்ய வேண்டியது மார்கழியில். காலையில் பனி, மதியம்தான் வெயில். மேல்தோல் காய்ந்தும் திமிலும் தொடையும் உள்ளே ஈரமாகவே இருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடித்து நாறும். அவசரப்பட்டு அடுப்பருகில் வைத்தால் வெளிப்புறம் முந்திச் சுருங்கி வெடிக்கும். நாலு வயதுப் பிள்ளை ஐந்து நாள் காத்திருக்காது. இன்னொன்று, மைதா வாசத்துக்குக் கரப்பானும் எலியும் வரும். அதைத் தடுக்கப் புத்தக பைண்டிங் பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலக்கும் வழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கைபடும் பசையில் சேர்க்கவே கூடாது.

அட்டைக் காளை ஒரே மதியத்தில் நின்றுவிடும். வேலூர் லாங்கு பஜார் மளிகைக் கடையில் தூக்கிப்போடும் மூன்றடுக்குப் பெட்டி போதும். உடல் 22 சென்டிமீட்டர் நீளம், 10 உயரம். கால்களுக்கு, முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு வளைவுத் துண்டுகள்: ஒவ்வொன்றும் 10 அகலம், 12 உயரம், அடியில் 5 உயரத்துக்கு வளைவு வெட்டு. அட்டைக்குள் ஓடும் வரி கால்துண்டில் மேலிருந்து கீழாகப் போக வேண்டும். குறுக்கே போனால் ஒரே நாளில் முட்டி மடங்கிவிடும். உடலின் அடியில் இரண்டு இடத்தில் 3 சென்டிமீட்டர் ஆழப் பிளவு, கால்துண்டின் உச்சியில் நடுவே அதே ஆழம். பிளவின் அகலம் அட்டையின் கனம்தான், ஒரு மயிரிழையும் கூடாது. கூடினால் காளை தள்ளாடும். வெட்டுவது பெரியவர் வேலை, ஒட்டுவதும் கோப்பதும் பிள்ளை வேலை.

பிள்ளைகள் ஃபெவிகாலைக் கொட்டிவிடுவார்கள். ஒருபக்கம் மட்டும் நனைந்த அட்டை வில்லாக வளையும். அதனால் முதலில் இருபுறமும் பேப்பர் ஒட்டி, கனமான நோட்டுப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் அலங்காரம் தொடங்கலாம். முதுகுக்குக் குடியாத்தம் லுங்கித் துண்டு, வாலுக்குத் தேங்காய் நார், கழுத்துக்குத் தீப்பெட்டிப் படம். பாட்டில் மூடியைச் சலங்கையாக்க ஆசை வரும். பிளாஸ்டிக் மூடி பசையின் ஈரத்தை உறிஞ்சாது, அதனால் ஒட்டியது உரிந்து விழும். துளையிட்டு நூலில் கட்டுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பொத்தான் கண் வேண்டாம், பேனாவால் வரையுங்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்தவர்களுக்குத் தோல் துண்டு எளிதில் கிடைக்கும். அதைச் சொரசொரப்பான உட்புறத்தில் ஃபெவிகால் தடவித்தான் ஒட்ட வேண்டும்; வழவழப்பான பக்கம் பிடிக்காது. எதையும் வாயில் வைக்கும் பிள்ளைக்குத் தோலைவிடத் துணியே நல்லது. மிஞ்சிய தோலை எரிக்க வேண்டாம், பதனிடச் சேர்த்த குரோமியத்தால் ஆபத்து உண்டு.

பன்றி, யானை மாதிரி உருண்டையான உடலுக்குக் கூழ்தான் பொருத்தம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் அடிக்கு மேல் உயரம் போனாலும் அட்டைக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம். அப்போது ஐந்தடுக்கு அட்டை எடுத்து, பிளவையும் அதன் கனத்துக்கேற்ப அகலமாக வெட்டிப் பாருங்கள்.

கொம்பு மட்டும் கடைசியில். பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, பசை இறுகிய பிறகு சிவப்பும் பச்சையும் பூசுங்கள். முன்பே ஒட்டினால் கால் கோக்கும்போது பிள்ளை அதைப் பிடித்துத்தான் காளையைத் தூக்கும்.