வலி ஊசியா, வலி குறைக்கும் ஊசியா?

போன மாதம் அம்பாசமுத்திரத்தில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. தேங்காய்ச் சோறு பரிமாறும்போதே ஆச்சி ஆரம்பித்துவிட்டார்கள்: "ஏட்டி, முதுகுல ஊசி மட்டும் போட விட்டுராத. ஆயுசுக்கும் குறுக்கு வலிக்கும்." உடனே மதினி, "எனக்கும் வலி ஊசி போட்டாங்க, வலி கூடத்தான செஞ்சுது" என்றார்.

கூடாமல் என்ன செய்யும்? நம் பக்கம் 'வலி ஊசி' என்றால் பிரசவ வலியை வரவழைக்கும் ஆக்ஸிடோசின். வலியைக் குறைக்கும் வழிகள் வேறு. அவற்றைப் பற்றி அந்தப் பந்தியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆச்சி பயந்த, முதுகு வழியே பிரசவ வலியைக் குறைக்கும் எபிடியூரலையே முதலில் பார்ப்போம். சிசேரியனுக்குப் போடும் முதுகு ஊசி ஒரே தடவை போடுவது. சில மணி நேரம் கால் மரத்துக் கிடக்கும். எபிடியூரலில் முதுகெலும்புக்கு இடையே மெல்லிய குழாயை வைத்துவிட்டு, குறைந்த அளவு மருந்தைத் தேவைக்கேற்பச் செலுத்துவார்கள். பத்து இருபது நிமிடத்தில் வலி அடங்கும், சுயநினைவு அப்படியே இருக்கும். அவசரமாக சிசேரியன் என்றால் அதே குழாய் வழியே மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம். கருப்பை வாய் இத்தனை சென்டிமீட்டர் திறந்தால்தான் போடுவோம் என்பது பழைய கணக்கு. இன்று தாய் கேட்பதே போதும்.

குறைகளும் உண்டு. ரத்த அழுத்தம் இறங்கலாம், உடம்பு நடுங்கலாம், முக்கிப் பெறும் நேரம் கொஞ்சம் நீளலாம். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ கடும் தலைவலி வரும். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், சரி. ஆனால் ஆயுசுக்கும் குறுக்கு வலிக்கு இதுதான் காரணம் என்பதை ஆய்வுகள் ஏற்கவில்லை. சிசேரியன் வாய்ப்பும் இதனால் கூடுவதில்லை. ரத்தத்தட்டு (பிளேட்லெட்) குறைவாக இருப்பவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் ஒத்துவராது.

இதற்கு அடுத்து எண்டோனாக்ஸ் வாயு. பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன். வேலை செய்ய அரை நிமிடமாவது ஆகும் என்பதால், வலி கிளம்பும்போதே இழுக்கத் தொடங்க வேண்டும். முகமூடியைத் தாயே பிடிக்க வேண்டும். மயக்கம் மிஞ்சினால் கை தானாக விலகிவிடும். பாசத்தில் அவளுடைய அம்மா பிடித்துக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. வலி மட்டுப்படுமே தவிர முழுக்கப் போகாது. தலைசுற்றலும் குமட்டலும் வரலாம்.

டிராமடால், பெத்திடின் ஊசிகளை நான் கடைசியில்தான் வைப்பேன். வலியைவிடத் தூக்கத்தைத்தான் அதிகம் தருகின்றன, வாந்தியும் உண்டு. பெத்திடினைப் பிரசவத்துக்குச் சற்று முன் போட்டால் குழந்தை மூச்சு விடத் திணறலாம்.

மருந்தில்லாத வழியைச் சும்மா நினைக்க வேண்டாம். நடப்பது, வெந்நீர் ஒத்தடம், இடுப்பை அழுத்திவிடும் ஒரு கை. ஆள் ஒருவர் கூடவே இருந்தால் பேறுகாலம் சற்றுச் சுருங்குகிறது, சிசேரியனும் குறைகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உறவுக்காரப் பெண் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. கேட்டால்தான் நினைவு வரும்.

மயக்க டாக்டர் எந்நேரமும் இருக்கும் இடமென்றால் என் ஓட்டு எபிடியூரலுக்கு. இல்லாத இடத்தில் அதை நம்பிப் போய் நிற்கக் கூடாது. அதனால் அடுத்த செக்கப்பில் தங்கச்சியைக் கேட்கச் சொன்னேன்: "ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா மயக்க டாக்டர் இருப்பாங்களா?" அவள் போய்க் கேட்டாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "வலி ஊசிதான? அதெல்லாம் நாங்களே போட்டுருவோம்."