மினயான்: நண்டு ஜீனோமுக்கு வாங்கலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கு டிஎன்ஏ வாசிக்கும் சிறு கருவியான ஆக்ஸ்ஃபோர்டு நானோபோரின் மினயான் மேல் ஆசை வருவது இயல்பு. உள்ளங்கையில் அடங்கும், யூஎஸ்பியில் செருகினால் ஓடும். களி நண்டின் இனத்தை உறுதிசெய்யவும் மைட்டோகாண்ட்ரியா ஜீனோமைப் படிக்கவும் தாராளமாக வாங்கலாம். (களி நண்டு இனங்களான சில்லா செர்ராட்டா, ஒலிவேசியா இரண்டுக்கும் பெயர்க் குழப்பம் நம் நாட்டில் வெகுகாலம் இருந்ததால் இதுவே உருப்படியான வேலைதான்.) முழு ஜீனோமையும் இதிலேயே முடிக்கப் பார்த்தால் காசு கரையும்.

இன்னொரு களி நண்டான சில்லா பாராமாமோசைனின் ஜீனோம் சுமார் 1.2 கிகாபேஸ் (ஒரு கிகாபேஸ் என்பது நூறு கோடி டிஎன்ஏ எழுத்து), 49 ஜோடி குரோமோசோம்கள். 30 மடங்கு வாசிப்புக்கு 36 கிகாபேஸ் தேவை. டிஎன்ஏவை ஏற்றும், நுண்துளைகள் கொண்ட தகடான ஃப்ளோ செல் ஒன்று 50 வரை தரும் என்பது ஏட்டுக் கணக்கு. நண்டு டிஎன்ஏவில் 10 தாண்டினாலே நல்ல ஓட்டம், ஆகவே மூன்று நான்கு செல்லாவது வேண்டும்.

காரணம் கருவியில் இல்லை, நண்டில் இருக்கிறது. கல்லீரல்-கணையத்தில் டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் ஏராளம். அதைத் தொடவே வேண்டாம். உயிர் நண்டை ஐஸில் மயக்கி, கால் தசையை எடுத்து உடனே உறையவையுங்கள். கூடவே வரும் பாலிசாக்கரைடுகளை (சர்க்கரைச் சங்கிலிகளை) அதிக உப்புள்ள சிடேப் கரைசலால் பிரிக்கலாம். ஒளியால் தூய்மையைப் பார்க்கும் நானோடிராப்பில் 260/230 விகிதம் 2-ஐ ஒட்டி இருக்கட்டும். டிஎன்ஏவை மட்டும் அளக்கும் க்யூபிட் காட்டும் அளவு நானோடிராப் அளவில் பாதிகூட இல்லையென்றால் ஆர்என்ஏவோ அழுக்கோ மிச்சம் இருக்கிறது. அதை அப்படியே ஏற்றினால் துளைகள் சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஃப்ளோ செல் வந்ததும் வேலை செய்யும் நுண்துளைகளை மென்பொருளில் எண்ணுங்கள். 800-க்குக் கீழே இருந்தால் மாற்றித் தருவார்கள். 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், உறையவிடாதீர்கள். பிரைமிங் வாயில் (செல்லைத் தயார்செய்யும் திரவம் விடும் இடத்தில்) 20-30 மைக்ரோலிட்டர் பின்னிழுத்துக் காற்றை எடுத்த பிறகே 800 மைக்ரோலிட்டர் பிரைமிங் கலவை. 5 நிமிடம் கழித்து, மாதிரி விடும் ஸ்பாட்ஆன் மூடியைத் திறந்து பிரைமிங் வாயிலேயே இன்னும் 200. பிறகு 75 மைக்ரோலிட்டர் லைப்ரரியை (வாசிப்புக்குத் தயார்செய்த டிஎன்ஏவை) ஸ்பாட்ஆனில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு காற்றுக் குமிழி உள்ளே போனாலும் அது தொட்ட துளைகள் போனது போனதுதான்.

கருவிக்கு அறை வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நம்மூரில் ஏசி இல்லாமல் நடக்காது. ஓட்டம் 72 மணி நேரம்வரை போகும், யூபிஎஸ் அவசியம். ஜிபியு (கிராஃபிக்ஸ் செயலி) இல்லாத லேப்டாப் என்றால் மூல சிக்னல் உள்ள பாட்5 கோப்புகளைச் சேமித்துக்கொண்டு, அதை எழுத்தாக மாற்றும் பேஸ்காலிங்கை வேறு இடத்தில் செய்யலாம்.

பரிணாம ஆய்வில்தான் உண்மையான வம்பு. நண்டில் பெற்றோர் வழிப் பிரதிகள் இரண்டும் நிறையவே வேறுபடும். வாசிப்புகளைக் கோர்க்கும் அசெம்பிளி இரண்டையும் தனித்தனி மரபணுவாக வைத்துக்கொள்ளும். இரட்டைப் பிரதிகளை நீக்கும் பர்ஜ்-டப்ஸ் மென்பொருளை ஓட்டாமல், மரபணுக் குடும்பங்களின் அளவை ஒப்பிடும் கேஃபுக்குப் போனால் அது "மரபணுக் குடும்பம் விரிந்தது" என்று பொய்யாகச் சொல்லும். ஒற்றைப் பிரதியாக இருக்க வேண்டிய மரபணுக்களைச் சோதிக்கும் புஸ்கோவில் இரட்டை எண்ணிக்கை அதிகம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஆர்10.4.1 வகை ஃப்ளோ செல்லிலும் ஒரே எழுத்து நீளமாகத் தொடரும் இடங்களில் பிழை வரும். அதனால் மரபணு படிக்கப்படும் மூன்றெழுத்துச் சட்டகம் நழுவி, உயிருள்ள மரபணு செத்ததாகத் தெரியும். அல்லது இயற்கைத் தேர்வுச் சோதனையில் போலிச் சிக்னல் வரும். இல்லுமினா குறுவாசிப்பால் பிழை திருத்தி மெருகேற்றிய பிறகே, அந்தச் சோதனையைச் செய்யும் பிஏஎம்எல் மென்பொருள் பக்கம் போகவும். ஒப்பிடும் இனங்களுக்கும் ஒரே முறையில் மரபணு அடையாளம் காணாவிட்டால், மென்பொருள்களின் வேறுபாடுதான் பரிணாமமாகக் கணக்கில் ஏறும்.

முழு ஜீனோம்தான் வேண்டுமென்றால் டிஎன்ஏவை பெங்களூருக்கு அனுப்பி நீளமாகவும் துல்லியமாகவும் படிக்கும் பேக்பயோ ஹைஃபையில் வாசிப்பதே மேல். ஓசூர் தாண்டினால் பெங்களூர்தானே. குரோமோசோம் அளவுக்குக் கோர்க்க ஹை-சி தரவும் (குரோமோசோமில் எந்தத் துண்டுகள் அருகருகே இருக்கின்றன என்று காட்டுவது) வேண்டும். அதற்கு அதே நண்டின் தசை நல்லது என்பதால் முதல் நாளே ஒரு பங்கை மைனஸ் 80-இல் தனியாகப் போட்டுவையுங்கள்.