‘டீன் நகைச்சுவை’ என்ற பெயரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்: ‘புராஜெக்ட் எக்ஸ்’ அனுபவம்

அக்கா மகனின் 15ஆவது பிறந்தநாளன்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமென்று, இணையத்தில் படங்களை வாடகைக்குத் தரும் தளம் ஒன்றில் ‘புராஜெக்ட் எக்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்துக்குப் பணம் கட்டினேன். பெற்றோர் ஊரில் இல்லாத நாளில் நண்பர்கள் நடத்தும் பிறந்தநாள் விருந்து என்ற அறிமுகத்தோடு அதை ‘டீன் நகைச்சுவை’ப் பிரிவில் வைத்திருந்தார்கள். வயது வரம்பு கண்ணில் படும்படி எங்கும் இல்லை. சிறிது நேரத்தில் அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். நான் ரிமோட்டைத் தேடினேன்.

பிறகுதான் விசாரித்தேன். 2012 மார்ச்சில் வெளிவந்த இப்படத்துக்கு அமெரிக்காவில் ‘ஆர்’ தரச்சான்று, அதாவது 17 வயது நிரம்பாதவர் பெரியவர் துணையின்றி அரங்குக்குள் போக முடியாது. ஆபாசம், நிர்வாணம், போதைப்பொருள், குடி என்று அடுக்கிவிட்டு, இவை அனைத்திலும் பதின்வயதினரே ஈடுபடுகிறார்கள் என்பதையும் அந்தச் சான்று தனியே குறிப்பிடுகிறது.

விமர்சகர்களில் பெரும்பாலோர் அப்போதே கடுமையாக எழுதியிருக்கிறார்கள். பெண்களை வெறும் உடல்களாகக் காட்டுவதையும், அழிவைக் கொண்டாடிவிட்டு அதன் விளைவுகளை ஒப்புக்குத் தொட்டுச் செல்வதையும் பலர் கண்டித்தனர். அதன் வேகத்தை ரசித்தவர்களும் சிலர் உண்டு. என் பார்வையில் குற்றம் கேமராவிடமே இருக்கிறது. உடன் வந்த மாணவன் ஒருவன் பதிவுசெய்ததுபோல் படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டிருப்பதால், அந்த வக்கிரப் பார்வைக்கு இயக்குநர் பொறுப்பேற்க வேண்டியதில்லாமல் போகிறது. உயரம் குறைந்த ஒருவரை அடுப்புக்குள் அடைப்பதை நகைச்சுவை என்று எழுதியவர்களை என்ன சொல்வது! வீடே எரிந்த பிறகும் தகப்பனுக்கு மகன்மீது உள்ளூரப் பெருமிதம்தான் மிஞ்சுகிறது. ஏறத்தாழ 1.2 கோடி டாலரில் எடுத்து உலகெங்கும் 10 கோடி டாலருக்குமேல் வசூலித்த படம் இது.

அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று, நெதர்லாந்தின் ஹாரன் என்ற சிற்றூரில், ஒரு சிறுமி தன் 16ஆவது பிறந்தநாள் அழைப்பை முகநூலில் தவறுதலாகப் பொதுவில் விட்டுவிட, இப்படத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்; அவர்களில் ஒரு பகுதியினர் கலவரத்தில் இறங்கிக் கடைகளைச் சூறையாடினார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஓடத் தொடங்கிய படத்துக்குப் பணம் திரும்பாது என்றும், ‘டீன்’ என்பது கதைமாந்தரின் வயதையே குறிக்கும், பார்வையாளரின் வயதை அல்ல என்றும் பதில் வந்தது. அந்த விளக்கம் பணம் கட்டும் பக்கத்தில் இல்லை. இன்று காலைவரை சேர்க்கப்படவும் இல்லை.